எப்போதாவது

காலை பத்து மணிக்கே உடை மாற்றிவிட்டார் குணசீலன்.
ஆஸ்பத்திரியின் நீலச் சட்டையை மடித்துத்
தலையணைமேல் வைத்தார்,
இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பவர்போல.
இடுப்பு பெல்ட் ஒரு துளை உள்ளே போயிருக்கிறது.
கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறோம்.

டாக்டர் போகலாம் என்றுவிட்டார்.
கடிதம் இன்னும் சொல்லவில்லை.

கோலாலம்பூரில் எந்த மாடியிலோ
யாரோ ஒருவர் எங்கள் கோப்பைத் திறந்துவைத்துவிட்டு
மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார்.
அவருக்கும் பசிக்கும்தானே.
இரண்டு மணி தாண்டினால் அறைக்கு இன்னொரு நாள் கணக்கு
என்கிறாள் மிஸ்ஸி, தன் குற்றம்போல, மெதுவாக.

பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து வெள்ளிதான்.
இரத்தக் குழாய்ச் சோதனைக்கு
அக்டோபரில் தேதி கொடுத்திருந்தார்கள்.
அவருக்கு வியர்த்துக் கொட்டியது ஜூன் மாதத்து இரவில்.

ஜன்னலில் பினாங்குப் பாலம்.
பிறைக்குப் போகும் லாரிகள்.
அதில் ஒன்றை இன்று வேறு யாரோ ஓட்டுகிறார்கள்,
அவருடைய நாள் சம்பளத்துக்கு.

நான் பில்லை வாசிக்கிறேன்.
கையுறை, நாற்பத்திரண்டு ஜோடி.
பஞ்சு. ஊசி. ஊசி குத்திய இடத்தில் ஒட்டிய பிளாஸ்டர்.
'இதர' என்று ஒரு வரி, முந்நூற்றுப் பதினெட்டு வெள்ளி.
"நாற்பத்திரண்டு ஜோடிக் கைகள் தொட்டிருக்கின்றன,
உங்களுக்கு வெட்கமாக இல்லையா?" என்றேன்.
சிரித்தார்.
சிரித்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.
பிறகு, கேட்காமலேயே,
ஒன்றுமில்லை என்றார்.

மூன்றரைக்கு வந்தது.
கட்டமாட்டார்கள்.

நான்கு வருடங்களுக்கு முன்பு
பட்டர்வொர்த் கிளினிக் ஒன்றுக்கு இருமலுக்காகப் போனார்.
வேறு ஏதாவது, என்று கேட்டிருக்கிறார் அந்த டாக்டர்.
கேட்ட மனிதருக்கு மரியாதையாக
இவரும் எதையோ சொல்லவேண்டுமே என்று,
எப்போதாவது நெஞ்சு எரியும் டாக்டர்,
நாசி கண்டார் சாப்பிட்டால், என்றிருக்கிறார்.

அவர் மறந்துவிட்டார்.
அந்தக் கிளினிக்கே இப்போது கைப்பேசிக் கடை.
அந்த வாக்கியம் மட்டும் எங்கேயோ
கெடாமல் இருந்திருக்கிறது.

கடிதத்தில் நெஞ்சு இருந்தது. எரிச்சல் இருந்தது.
தேதி சரியாக இருந்தது.
நாசி கண்டார் இல்லை.
'எப்போதாவது' இல்லை.

மாதம் இருநூற்றெண்பது கட்டினோம்.
போன வருடத்திலிருந்து நானூற்றுப் பத்து.
தீபாவளி தோறும் ஏஜென்ட் தயாபரனுக்கு ஒரு டின் முறுக்கு,
எங்களுக்கு அவர் ஒரு காலண்டர்.
அவருடைய போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.

கவுண்டரில் ரொஹைசா.
அக்கா, என்று தமிழில் கூப்பிட்டாள்,
இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் கற்றுக்கொண்டிருப்பாள்.
முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
என் கார்டு. அவர் கார்டு.
ஜோகூரிலிருந்து என் தம்பி
தன் கார்டு எண்ணைப் போனில் வாசிக்க வாசிக்க
நான் எழுதிக்கொண்டேன்,
ஒரு இலக்கம் தவறி, மறுபடியும் முதலிலிருந்து.
மீதிக்கு சூலியா தெரு அடகுக் கடை மூடுமுன் ஓடினேன்.
வளையல் கழற்றிய கை
வீட்டுக்குப் போகும்வரை சத்தமே போடவில்லை.

இரண்டு வாரம் கழித்து
கவிநிலாவுக்குக் காய்ச்சல், இருமல்.
பள்ளிக்கு விடுப்புச் சீட்டு வேண்டும்.
கிளினிக்கில் இளம் டாக்டர், நல்ல பெண்,
கணினியில் விரல்களை வைத்துக்கொண்டு
முகம் பார்த்துக் கேட்டாள்:
வேறு ஏதாவது?

மகள் வாயைத் திறந்தாள்,
"ராத்திரியில் எப்போதாவது மூச்சு..."

மேசைக்கு அடியில்
அவள் முழங்காலை என் கை அழுத்தியது.
நான் அழுத்தவில்லை, கை அழுத்தியது
என்று சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்.

"இருமல் மட்டும்தான், டாக்டர்."

டாக்டரின் விரல்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தன.
பிறகு 'இல்லை' என்று தட்டின.

காரில் அவள் என்னோடு பேசவில்லை.
கண்ணாடிப் பக்கம் திரும்பி உட்கார்ந்தபடி
மூச்சு விட்டுக்கொண்டு வந்தாள்.
சிவப்பு விளக்கில், பச்சையில், மறுபடியும் சிவப்பில்
ஒன்று விடாமல்
எண்ணிக்கொண்டு வந்தேன்.